“அந்தக் கிராமத்துக் காலேஜா?” என்று கேட்டவருக்கு

வணக்கம் மக்களே. பயணம் முடிந்து இரண்டு நாளாவது ஆறப்போட்டுவிட்டுத்தான் பேசுவேன், உங்களுக்கே தெரியும். இன்று அதற்குப் பொறுமை இல்லை.

போன வாரம் ஒரு வளைகாப்புப் பந்தி. அக்கா மகள் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள் என்று சொன்னேன். பக்கத்து இலையில் இருந்தவர், “அந்தக் கிராமத்துக் காலேஜா? வேற எங்கேயும் இடம் கிடைக்கலையா?” என்றார். பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

முதலில் பேருந்துக் கதை. காந்திகிராமத்துக்குச் சின்னாளபட்டியில் இறங்க வேண்டும். மதுரையில் ஏறும்போதே நடத்துநரிடம் அங்கே நிற்குமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். சின்னாளபட்டி வந்தது, போனது. எழுந்து நின்று கத்தினேன், “எண்ட் டு எண்ட்மா” என்றார். அதை மதுரையிலேயே வாய் திறந்து சொன்னால் என்ன? திண்டுக்கல் வரை போய், டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். முக்கால் மணி நேரம் போச்சு! வழியில் நிற்காத பேருந்து என்றாலே எனக்கு ஆகாது, பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பின்னால் சிறுமலை, நிறைய மரங்கள். டிரோன் காட்சி கேட்காதீர்கள், எனக்குப் பிடிக்காது. நடந்தே காட்டியிருக்கிறேன்.

இதைத் தொடங்கியவர் டாக்டர் சௌந்திரம். டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதில் கணவரை இழந்து, அதன்பிறகு டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தவர். அவ்வளவு வசதியான வீட்டுப் பெண், நெசவாளர்கள் வாழும் சின்னாளபட்டிப் பக்கம் வைத்தியம் பார்க்க வந்தார். காந்திகிராமம் 1947-இல். அதிலிருந்து இந்தக் காலேஜ், அதாவது கிராமிய நிறுவனம், 1956-இல். ஒன்று விட்டுவிட்டேன், அவர் தனியாகச் செய்யவில்லை. அவர் மறுமணம் செய்துகொண்ட காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனும் சேர்ந்துதான். 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மத்திய அரசு நிதியில் நடக்கிறது. இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்குகிற இடம் இல்லை, ஐயா.

இங்கே படிக்கிறவர்கள் ஊருக்குள் போய்த் தங்க வேண்டும். அதுவும் பாடத்திட்டத்தில் ஒரு பாடம். அக்கா மகள் தங்கியது ஒரு சமுதாயக்கூடத்தில். காலையில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, மாலையில் ஊர்க்கூட்டம். ஒருநாள் கோயில் முன்னால் மண்ணைப் பெருக்கி, கோலப்பொடியைக் கொடுத்து, “உங்க ஊரை நீங்களே வரையுங்க” என்றிருக்கிறார்கள். ஆண்கள் சாலை, பள்ளிக்கூடம், ரேஷன் கடை என்று வரைந்தார்களாம். ஒரு பாட்டி பொடியை வாங்கி, ஓரத்தில் ஒரு வட்டம் போட்டார். தூர்ந்துபோன கிணறு. பிள்ளைகள் கையில் இருந்த வரைபடத்தில் அது இல்லவே இல்லை. அதற்குள் இன்னொரு பெண் வந்து, அந்தக் கிணற்றுக்கு மழைத்தண்ணீர் வந்த ஓடையையும் இழுத்துக் காட்டியிருக்கிறார். அந்த ஓடை இப்போது குப்பைமேடு.

இதைச் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்க வேண்டுமே! பந்தியில் சுண்டிப்போன அதே முகம். “சித்தி, அந்தப் பாட்டிதான் எனக்கு அன்னைக்கு வாத்தியார்” என்றாள். அந்த வரைபடத்தை நோட்டில் பார்த்து வரைந்து வைத்திருக்கிறாள். இரண்டு தடவை கேமராவில் காட்டியிருக்கிறேன், முதல் தடவை ஃபோகஸ் சரியாக வரவில்லை.

எனக்கு இதுதான் படிப்பு. ஓர் ஊருக்கு நடுவில் கல்லூரி இருந்தால், அந்த ஊரின் கிணறும் ஓடையும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். காம்பவுண்டுச் சுவர் கட்டி, பக்கத்து ஊர்ப் பெயர்கூடத் தெரியாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போகிற இடங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம், கஸ்தூர்பா மருத்துவமனையை மறந்தே போனேன் பாருங்கள். அதுவும் காந்திகிராமத்தில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரப் பெண்கள் பிரசவத்துக்குத் தேடி வருகிற இடம். அதற்குத் தனி வீடியோ போட வேண்டும்.

ஓடையைத் தூர்வாரச் சொல்லி ஊர்க்காரர்கள் மனு எழுதியிருக்கிறார்களாம். பிள்ளைகள் அடுத்த மாதம் அந்த ஊருக்கு மறுபடியும் போகிறார்கள், நானும் போகிறேன். காந்திகிராமத்துக்குப் பக்கத்திலேயே அம்பாத்துரை ரயில் நிலையம் இருக்கிறது. இந்த முறை ரயில்தான்.