பாட்டிலின் வாய் உறையாமல்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் ஊர் இளைஞர்கள் பலர் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு டெல்லி வழியாக டேராடூனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து மோரி, நேட்வார் என்று மலைப்பாதையில் ஒரு பகல் முழுவதும் வண்டியில் குலுங்கினால் சாங்க்ரி என்ற கிராமம் வரும். கேதார்காந்தா சிகரத்துக்கு ஏறுவது அங்கிருந்துதான். உயரம் ஏறத்தாழ 12,500 அடி. பனிக்காலத்தில் முதன்முதலாக இமயமலை ஏறுகிறவர்களுக்கு ஏற்ற இடம் என்று பெயர் எடுத்த மலை அது.

போகிறவர்கள் என்னிடம் ஷூவைப் பற்றிக் கேட்கிறார்கள், ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், செல்போனுக்குச் சார்ஜ் நிற்குமா என்றுகூடக் கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாட்டில்தான் இருக்கிறதே, அதில் கேட்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். நமக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் கிடைக்காத பஞ்சம். கையில் ஒரு லிட்டர் தண்ணீரை வைத்துக்கொண்டு அதைக் குடிக்க முடியாமல் நிற்பது நமக்குப் பழக்கமில்லாத விஷயம்.

ஊட்டியில் உறைபனி பார்த்திருக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். தலைகுந்தா புல்வெளி ஜனவரி விடியலில் வெள்ளையாகக் கிடக்கும், உண்மைதான். ஆனால் வெயில் ஏறியதும் அது போய்விடும். பையில் இருக்கும் பாட்டிலை அது ஒன்றும் செய்யாது. கேதார்காந்தாவில் மேல் முகாமிலிருந்து சிகரத்துக்குக் கிளம்புவது பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் மைனஸ் 10 டிகிரி என்பது சாதாரணம். முகட்டில் காற்றும் சேர்ந்துகொள்ளும். விடியும்வரை நான்கைந்து மணி நேரம் உங்கள் தண்ணீர் அந்தக் குளிரைத் தாங்க வேண்டும்.

தாங்குமா? இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு உதவுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஆற வேண்டுமானால் அதிலிருந்து ஒரு கிலோ கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். ஆனால் 0 டிகிரிக்கு வந்துவிட்ட அதே தண்ணீர் முழுக்கப் பனிக்கட்டியாக வேண்டுமானால் இன்னும் 80 கிலோ கலோரி போக வேண்டும். 80 டிகிரி வெந்நீர் 0 டிகிரிவரை ஆறுவதற்கு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறதோ, அவ்வளவையும் மறுபடி ஒரு முறை இழந்தால்தான் அது கட்டியாகும். ஆகவே வெந்நீரோடு கிளம்பினால், நான்கைந்து மணி நேரத்தில் ஒரு லிட்டர் பாட்டில் அடிவரை உறைந்துபோவது அரிது. உறைவது வேறொன்று. மூடி.

இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு பாட்டிலை மூடுகிறீர்கள். மூடி திருகும் மரையில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தங்கியிருக்கிறது. அந்த நாலைந்து சொட்டு உறைய எவ்வளவு நேரம் ஆகும்? சில நிமிடங்கள் போதும். அடுத்த முறை நிற்கும்போது மூடி திரும்பாது. கையில் தடித்த உறை, பிடி வழுக்குகிறது. உறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிறது. உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கிறது, வெளியே வர வழியில்லை. குறுகிய வாய் கொண்ட பாட்டிலாக இருந்தால் கழுத்திலேயே ஒரு பனித்தக்கையும் உருவாகியிருக்கும்.

எனவே நான் சொல்வது இதுதான்: பாட்டில் முழுவதையும் காப்பாற்றுவதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம், வாயைக் காப்பாற்றுங்கள். குடித்து முடித்ததும் மரையை ஒரு துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். அந்தத் துணி எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும். வாய் அகன்ற பாட்டில் வாங்குங்கள். பிறகு, பாட்டிலைப் பைக்குள் தலைகீழாக வையுங்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. தண்ணீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம். அதற்கும் கீழே குளிர்ந்தால் மேலே வந்துவிடும். ஏரி மேலிருந்து உறைவது அதனால்தான். பாட்டிலும் அப்படித்தான். தலைகீழாக வைத்தால் பனி பாட்டிலின் அடிப்பக்கத்தில் பிடிக்கும், வாய்ப்பக்கம் தண்ணீராகவே இருக்கும். விளிம்புவரை நிரப்பாதீர்கள், உறையும் தண்ணீர் 9 சதவீதம் அளவுக்குப் பருக்கும், அதற்கு இடம் வேண்டும். ஒழுகாத மூடியா என்று முதலிலேயே கவிழ்த்து, அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.

பாட்டிலைப் பையின் பக்கவாட்டு வலைப்பையில் செருகுவது நம் எல்லோருக்கும் பழக்கம். குளிர்காலத்தில் அதைவிட மோசமான இடம் கிடையாது. காற்று நேரே அதில்தான் அடிக்கும். பைக்குள்ளே, முதுகை ஒட்டி, கம்பளி சாக்ஸ் ஒன்றுக்குள் போட்டு வையுங்கள். குடிக்க ஒவ்வொரு முறையும் பையைக் கழற்றுவது தொல்லைதான். அதற்காகச் சிறிய பாட்டில் ஒன்றை ஜாக்கெட்டுக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ரப்பர் குழாயோடு வரும் தண்ணீர்ப் பை இப்போது பிரபலமாகிவிட்டது. கோடையில் நல்ல பொருள், மறுக்கவில்லை. பனியில் அதன் குழாயில் நிற்பது இரண்டு மூன்று வாய்த் தண்ணீர். மெல்லிய குழாய் என்பதால் முதலில் உறைவது அதுதான். குடித்தவுடன் ஊதி, குழாய்த் தண்ணீரைப் பைக்கே திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்பார்கள். சரிதான். ஆனால் பின்னிரவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் அது நினைவிருக்குமா? வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

தண்ணீருக்கான வேலை முந்தின இரவே தொடங்க வேண்டும். வழியில் தண்ணீரைச் சூடாக்க முடியாது, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தத்தான் முடியும். சாப்பாடு முடிந்ததும் சமையல் கூடாரத்தில் "கரம் பானி", அதாவது வெந்நீர், கேளுங்கள், கொடுப்பார்கள். அதைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, சாக்ஸில் போட்டு, தூங்கும் பைக்குள் கால்மாட்டில் வையுங்கள். கடையில் விற்கும் மினரல் வாட்டர் பாட்டிலில் கொதிநீரை ஊற்றினால் அது சுருங்கிக் கோணிவிடும், வேண்டாம். கால் சூடாக இருந்தால் தூக்கம் வரும். விடியலில் தண்ணீரும் தண்ணீராகவே இருக்கும். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் வடிகட்டி கொண்டுவந்திருந்தால் அதையும் உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். நுண்குழல் வடிகட்டி ஒரு முறை உறைந்தாலே உள்ளே விரிசல் விடலாம். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, கிருமியை மட்டும் விட்டுவிடும். அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரி வாக்கில் கொதித்துவிடுகிறதே, கிருமி சாகுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. சாகும், நன்றாகக் கொதித்தால் போதும்.

ஜூடா கா தலாப் என்று வழியில் ஓர் ஏரி, அதன் கரையில் முகாம். குளிர்காலத்தில் அந்த ஏரியே உறைந்து கிடக்கும். அதற்கும் மேலே போனால் பல நேரம் பனியை உருக்கித்தான் சமையல். புதுப்பனியில் பெரும்பங்கு காற்று. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து லிட்டர் பனியாவது அள்ள வேண்டும். வெறும் பாத்திரத்தில் பனியைப் போட்டு அடுப்பேற்றினால் அடி கருகி, தண்ணீரில் தீய்ந்த வாடை அடிக்கும். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு, பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். தாகம் எடுக்கிறதே என்று நடக்கும்போது பனியை அள்ளி வாயில் போடுவது வீண். நான் சொன்ன அந்த 80 கிலோ கலோரி கணக்கு இங்கேயும் உண்டு. பனியை உருக்கும் வெப்பத்தை உங்கள் உடம்புதான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு நம்பிக்கை, ஓ.ஆர்.எஸ். பொடி கலந்தால் தண்ணீர் உறையாது என்பது. உப்பும் சர்க்கரையும் உறைநிலையைக் குறைக்கும் என்பது சரி. ஆனால் ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் என்ற அளவில் குறைவது அரை டிகிரிகூட இல்லை. உடம்புக்கு நல்லது, கலந்து குடியுங்கள், உறையாது என்று மட்டும் நம்பாதீர்கள். மதுவைப் பற்றியும் கேட்கிறார்கள். அது தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, உடம்பின் உள்சூட்டை வெளியே விட்டுவிடும். சூடு ஏறியதுபோல் தோன்றுவது பொய்.

குளிரில் தாகம் எடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வறண்ட காற்றில் ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போகிறது, குளிரில் சிறுநீரும் அதிகம் பிரிகிறது. இரவில் கூடாரத்தை விட்டு வெளியே போக வேண்டியிருக்குமே என்று மாலையிலிருந்தே குடிக்காமல் படுக்கிறவர்களை நிறையப் பார்க்கலாம். காலையில் தலைவலி என்பார்கள். உயரத்தால் வந்ததா, தண்ணீர் குடிக்காததால் வந்ததா என்று அழைத்துப்போகிறவருக்கும் குழப்பம். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால், தாகம் இல்லாவிட்டாலும் குடியுங்கள்.

கடைசியாகப் பிளாஸ்க். சாங்க்ரிக்குப் போகிற ஒவ்வொருவரும் அரை லிட்டர் எவர்சில்வர் வெற்றிடப் பிளாஸ்க் ஒன்று எடுத்துப்போக வேண்டும் என்பேன். அதில் இருப்பதை முதலில் தொடாதீர்கள். சாக்ஸ் பாட்டில் தண்ணீரை ஏறும்போது குடித்துவிட்டு, பிளாஸ்கைச் சிகரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரோ சுக்குக் காப்பியோ, உங்கள் விருப்பம். உள்ளே உறைந்தால் அடுப்பில் வைத்து உருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இரட்டைச் சுவர் பிளாஸ்க் வெடிக்கக்கூடும். ஒற்றைத் தகட்டுப் பாட்டிலைத்தான் மூடியைக் கழற்றிவிட்டு நெருப்பருகே வைக்கலாம். வாங்கியதும் கொதிநீர் ஊற்றி மூடி, கால் மணி நேரம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். மூடியைச் சுற்றி லேசான சூடு இருக்கலாம். வயிற்றுப் பக்கம் சுட்டால் வெற்றிடம் போய்விட்ட சரக்கு. கடையில் மாற்றிக்கொண்டு, அதன்பிறகு ரயில் ஏறுங்கள்.

நன்றி, வணக்கம்.