சிறுகக் கட்டியவர்

(எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது. கேட்ட நண்பர்களுக்காக எழுத்தில்.)

விழாத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, எனக்கு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லித் தந்து, இன்றும் முன்வரிசையில் அமர்ந்து என் தமிழை எடை போட்டுக்கொண்டிருக்கும் டீச்சரம்மா அவர்களே, பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் பாலம் கட்டி ஓய்வு பெற்றிருக்கும் பொறியாளர் அண்ணாச்சி அவர்களே, மைக் செட்காரத் தம்பி, சுக்குக்காபி போட்டுக்கொண்டிருக்கும் அக்கா, உங்கள் எல்லாருக்கும் வணக்கம். போன வருடம் இதே மேடையில் ஒருவர் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். ஆறு மாதம் அவர் கடைப்பக்கம் தலைகாட்ட முடியவில்லை. அதனால் இந்த வருடம் யார் பெயரையும் சொல்வதில்லை என்று முடிவு. எல்லாருக்கும் ஒரே நீதி.

லாரி பேக்கரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் பின்வரிசையில் ஒரு தம்பி, "எந்த லாரி?" என்று கேட்கிறான். மக்கா, நம்ம மலையை உடைத்து ஏற்றிக்கொண்டு ராத்திரி போகுதே, அந்த லாரி இல்லை. அந்த லாரிக்கு வேலையில்லாமல் செய்யப் பார்த்த மனுஷன் இவர். மூன்று செய்தி சொல்கிறேன். போர்முனையில் பேக்கர், கட்டடக்கலைஞர் பேக்கர், குடும்பத் தலைவர் பேக்கர். மூன்றுக்கும் நம் பாட்டிமார் ஒரே வரியில் உரை எழுதி வைத்திருக்கிறார்கள்: சிறுகக் கட்டிப் பெருக வாழ்.

1917 மார்ச் 2ஆம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்காம் ஊரில் பிறந்தவர். கட்டடக்கலை படித்து முடித்த கையோடு இரண்டாம் உலகப்போர் வந்துவிட்டது. அவர் குவேக்கர். கிறிஸ்தவத்தில் அது ஒரு பிரிவு, ஆயுதம் தொடமாட்டார்கள். அதற்காக வீட்டில் ஒளிந்துகொண்டாரா? இல்லை. குவேக்கர்கள் நடத்திய ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். குண்டடி பட்டவர்களைத் தூக்கினார், அறுவை நேரத்தில் மயக்க மருந்து கொடுத்தார், பிறகு உள்நாட்டுக்குள் போய்த் தொழுநோயாளிகளோடு இருந்தார். துப்பாக்கி பிடிக்காதவனைப் போர்வீரன் என்று சொல்லலாமா என்று பொறியாளர் அண்ணாச்சி நேற்றே என்னிடம் கேட்டார். தாராளமாகச் சொல்லலாம் அண்ணாச்சி. குண்டு விழுகிற இடத்துக்கு ஸ்ட்ரெச்சர் ஏந்திப் போகத் துப்பாக்கி ஏந்துவதைவிடக் குறைந்த நெஞ்சுரம் போதாது.

உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்புகிறார். பம்பாயில் கப்பலுக்காக மூன்று மாதம் போலக் காத்திருக்கிறார். அங்கேதான் காந்தியடிகளைப் பார்க்கிறார். காந்தியின் கண் போனது இவர் காலுக்கு. கிழிசல் துணிகளை அடுக்கித் தைத்த செருப்பு, சீனத்தில் கற்றுக்கொண்ட கைவேலை. யார் செய்தது என்று கேட்க, நானேதான் என்று இவர் சொல்ல, அப்படிப் பிடித்தது நட்பு. ஒரு கிராமத்து வீட்டைக் கட்ட வேண்டிய பொருள் எல்லாம் அந்த வீட்டிலிருந்து ஐந்து மைலுக்குள் கிடைக்கவேண்டும் என்று காந்தி சொன்னதைப் பேக்கர் கடைசிவரை மறக்கவில்லை. ஐந்து மைல்! நம்மில் பலர் வீட்டுத் தரைக்கல் ராஜஸ்தானிலிருந்து வந்திருக்கிறது.

1945இல் தொழுநோய் மிஷனுக்குக் கட்டடக்கலைஞராக இந்தியா வந்தார். அப்புறம் இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பதினைந்து, பதினாறு வருடம். 1963இல் கேரளத்து மலையூர் வாகமண், பிறகு திருவனந்தபுரம். 1956இல் நம் குமரி தமிழ்நாட்டோடு சேரும்வரை நம் தாத்தாமார் கரம் கட்டிக்கொண்டிருந்த அதே திருவனந்தபுரம். அந்நகரத்து உள்ளூர் என்ற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையம், லயோலா வளாகத்துத் தேவாலயம், செங்கல்சூளைக் குடிசைவாசிகளுக்கு வீடுகள் எனப் பட்டியல் நீளும். நான் பட்டியல் படிக்க வரவில்லை. தம்பானூரில் பஸ் ஏறப் போகிறவர்கள் இந்தியன் காபி ஹவுசுக்குள் ஒருதரம் நுழைந்து பாருங்கள். செங்கல் சுருள் ஒன்று மேலே ஏறிக்கொண்டே போகும். மாடிப்படி கிடையாது, தரையே சாய்வாக ஏறும். வெளிச்சுவரை ஒட்டி மேசை, இருக்கை எல்லாம் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை, அதன் வழியே பஸ் ஸ்டாண்டுக் காற்று. விசிறித் தலைப்பாகைக்காரர் காபி தளும்பாமல் அந்தச் சாய்வில் ஏறி வருவதைப் பார்க்கவே இரண்டாவது காபி சொல்லலாம். மசால் தோசைக்குள் பீட்ரூட் வைப்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பேக்கர் பொறுப்பில்லை.

இப்போது என் கதை. இருபது வருடத்துக்கு முன்னால் பேக்கர் பைத்தியம் முற்றிப்போய் நானும் வீடு கட்டினேன். எலிப்பொறிக் கட்டு என்று ஒன்று உண்டு. செங்கலைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே பொள்ளல் விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், பொள்ளலில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். கொத்தனாரிடம் சொன்னேன். ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாரே, சொவத்துக்குள்ள இத்தன எடம் விட்டா பாம்பு வந்து குடியிருக்கும். வாடகையும் தராது."

எல்லாப் பக்கமும் கலவை வைத்து அடைத்துத்தான் போகிறோம், பாம்பு எந்தக் கதவைத் தட்டி வரும் என்று நானும் விடவில்லை. இரண்டு நாள் வழக்கு. மூன்றாம் நாள், "சாருக்கு ஒரு மோட்டார் ரூம் அளவு கெட்டித் தாறேன், விழுந்தா உம்ம பாடு" என்றார். கட்டினார். விழவில்லை. அவருக்கே ருசி பிடித்துவிட்டது. சமையல்கட்டில் காற்றுக்கு ஓட்டை விட்டுக் கட்டச் சொன்னால், கோலப் புள்ளி மாதிரி எண்ணி எண்ணி விட்டார். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

பால்காய்ப்பு அன்றுதான் வினை. சுவர் பூசவில்லை, சிவக்கச் சிவக்கச் செங்கல். வந்தவர்கள் எல்லாரும் துக்க வீட்டில் கேட்கிற குரலில், "பூச்சு வேல எப்போ?" என்கிறார்கள். மாமனார் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், மடியிலிருந்து ஒரு கவரை எடுத்து, "மருமகனே, வெக்கப்படாதீரும். மொதல்ல சொவத்தப் பூசும், பொறவு மெதுவாத் தந்தாப் போதும்" என்றார். வாங்கினேனா என்று யாரும் கேட்காதீர்கள். அந்தக் காசில்தான் என் புத்தக அலமாரி வந்தது. மாமனார் போய்ச் சேரும்வரை அந்த அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம், "சொவரு எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிறுகக் கட்டினேன், இன்றைக்குப் பெருகத்தான் வாழ்கிறேன், மின்விசிறிக் காசு மிச்சத்தில்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். ஐந்து நிமிடமாம். குடும்பத் தலைவர் பேக்கருக்கு நான் ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் மனைவி எலிசபெத் ஜேக்கப், மலையாளத்து டாக்டர். இரு வீட்டாரும் தயங்கினார்கள், இருவரும் பொறுத்திருந்து 1948இல் மணம் முடித்தார்கள். தேனிலவுக்கு என்று மலையேறிப் போன இடம்தான் பித்தோராகர். வந்திருப்பது டாக்டர் என்று தெரிந்ததும் மலைச்சனம் வாசலில் வந்து நின்றது. அந்த அம்மா நோய் பார்க்க, இவர் அதற்கு ஆஸ்பத்திரி கட்ட, தேனிலவு பதினைந்து, பதினாறு வருடமாக நீண்டது. ஒருவர் தொழிலுக்கு ஒருவர் சுவர் எழுப்பிக் கொடுத்த குடும்பம். திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில் அவர்கள் வீடும் ஒரே மூச்சில் கட்டியதல்ல. தேவைக்குத் தேவை, பிள்ளைகள் வளர வளர, மரத்தை வெட்டாமல் சுற்றி வளைத்து, இடித்த வீடுகளின் கதவு ஜன்னலை வாங்கி வந்து மாட்டி வளர்ந்த வீடு. பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை, 1990இல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1ஆம் தேதி, தொண்ணூறு வயதில் அந்த வீட்டில்தான் கண்மூடினார்.

இடித்த வீட்டுக் கதவு என்றேன் அல்லவா, அங்கேதான் வரவேண்டும் என்று இவ்வளவு நேரம் சுற்றினேன். பேரூராட்சித் தலைவர் மேடையில் இருக்கிறார், அவர் நல்லவர், முழுதும் கேட்பார். இந்த வாசகசாலையை இடித்துவிட்டுக் கான்கிரீட் மாடி போடத் திட்டம் தயாராகிறது. தலைக்கு மேலே பாருங்கள். நாட்டு ஓடு, அயினி மரத்துக் கைமரம். வடமேற்கு மூலையில் மட்டும் இரண்டு கைமரம் செல்லரித்திருக்கிறது, முப்பது ஓடு உடைந்திருக்கிறது. ஏணி வைத்து ஏறி எண்ணியவன் நான். பல்லு சொத்தை என்றால் தலையையா எடுப்பார்கள்? இடம் போதவில்லை என்பது உண்மை, பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார்கள். பின்பக்கம் காலி இடம் கிடக்கிறது, அங்கே ஒரு ஓட்டுச் சாய்ப்பு இறக்கலாம். பொறியாளர் அண்ணாச்சி காசு வாங்காமல் வரைந்து தருவதாக இப்போது தலையாட்டினார், எல்லாரும் பார்த்தீர்கள், இனி அவர் தப்ப முடியாது. என் கொத்தனாருக்கு வயதாகிவிட்டது, ஆனால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கற்றுத் தர அவர் தயார். சிறுகக் கட்டுவோம் தலைவரே.

வாசலில் மேசை மேல் நீளநோட்டு இருக்கிறது. மனு முதல் பக்கத்தில், கையெழுத்து இரண்டாம் பக்கத்திலிருந்து. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், போன தடவை மூன்று பேனா போய்விட்டது. அக்கா சுக்குக்காபியை அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் ஊற்றுகிறார். நன்றி, வணக்கம்.