மிளகுத்தண்ணீருக்கு 18 வெள்ளி 60 காசா?

வணக்கம் மக்களே, பசியாறிவிட்டீர்களா? நான் பசியாறப் போன இடத்தில் கோபம்தான் வயிறு நிறையக் கிடைத்தது. நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் ரயில் நிலையத்துப் பக்கம் காரை நிறுத்திவிட்டு, ஏர்கானையும் அணைத்துவிட்டுப் பேசுகிறேன். போன காணொளியில் கேட்ட அந்த இரைச்சலைப் பற்றி எத்தனை பேர் குறை சொன்னீர்கள்! இப்போது எனக்கு வியர்க்கிறது, உங்களுக்குத் திருப்திதானே?

நம் பட்டணத்தில் புதிதாக ஒரு கபே திறந்திருக்கிறார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். வாசலில் கரும்பலகை, அதில் சாக்கட்டியால் ஆங்கிலத்தில் உணவுப் பட்டியல். ஆங்கிலத்தில் எழுதிய பலகை எங்கே இருந்தாலும் நான் நின்று பிழை பார்க்காமல் நகர மாட்டேன், உங்களுக்குத் தெரியும். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வரி கண்ணில் குத்தியது: "ஹாட் மல்லிகடானி சூப்", 16 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு.

கல்லாவில் நின்ற பையன் என்னிடம் டியூஷன் படித்தவன். "தம்பி, இது என்ன சூப்?" என்று கேட்டேன். "அது வெள்ளைக்காரர்களின் சூப், டீச்சர். நம் கடைகளில் கிடைக்காது" என்கிறான், முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

மல்லிகடானி என்று ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பாருங்கள். மிளகுத்தண்ணி! அப்பட்டமான தமிழ். 18ஆம் நூற்றாண்டில் மதராஸில் இருந்த ஆங்கிலேயர்களின் வாயில் நுழைந்து இப்படி ஆகிவிட்டது. அவர்களுக்குச் சாப்பாட்டின் தொடக்கத்தில் சூப் வேண்டும், நம்மிடம் அப்படி ஒரு வழக்கமே இல்லை. அதனால் மிளகுத்தண்ணீரில் இறைச்சியைப் போட்டு, வெங்காயத்தை வதக்கிக் கொட்டி, கறித்தூளைக் கலந்து சூப்பாக்கிவிட்டார்கள். மதராஸ் மாகாணத்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு "மல்" என்றே பட்டப்பெயர் இருந்தது. மல்லிகடானியின் முதல் துண்டுதான் அந்த "மல்". இந்தியாவில் ஆங்கிலேயர்கள் புழங்கிய சொற்களுக்காக 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இது பதிவாகியிருக்கிறது. கறி "கறி"யாகவே ஆங்கிலத்துக்குப் போனது, கஞ்சி போர்த்துக்கீசியர்களின் வழியாகக் "கான்ஜி" ஆனது. போனதில் எனக்கு வருத்தமில்லை. திரும்பி வரும்போது 16 வெள்ளி 90 காசா?

சரி, வாங்கினேன். வாங்காமல் எப்படித் திட்டுவது?

இங்கேதான் பாடம். "ஹாட்" என்றால் சூடு. "ஹாட்" என்றால் காரம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அதனால்தான் எந்த "ஹாட்" என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள். "ஸ்பைசி" என்று சொன்னாலும் முழுத் தீர்வு கிடைக்காது, பட்டை கிராம்பு மணக்கும் சாப்பாட்டையும் அப்படிச் சொல்லலாம். என் சூப் எந்த "ஹாட்" என்கிறீர்களா? சூடும் இல்லை, காரமும் இல்லை! ஆவி பறக்க இருந்தால் "பைப்பிங் ஹாட்". வெதுவெதுப்பாக இருந்தால் "லூக்வார்ம்". குழந்தையின் பாலுக்கு அது நல்ல செய்தி, சூப்புக்கு அது புகார். சப்பென்று இருந்தால் "பிளாண்ட்". பள்ளி முடிக்கும் எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளைகளே, உங்கள் கட்டுரைகளில் எல்லாச் சாப்பாடும் "டெலிஷஸ்", எல்லாப் பலகாரமும் "யம்மி". "யம்மி" என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சிவப்புப் பேனாவைத் தேடத் தோன்றும். முறுக்கு "கிரன்ச்சி", இறைச்சி வெந்து மெத்தென்று இருந்தால் "டெண்டர்", இழுத்து மெல்ல வேண்டியிருந்தால் "சூவி". நாக்கு இத்தனை வேலை செய்கிறது, பேனாவும் கொஞ்சம் செய்யட்டும்.

அட, விலையை முடிக்கவே இல்லையே. 16.90க்கு மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். என்ன சேவை? நானே எழுந்து போய்ச் சொன்னேன், நானே கிண்ணத்தைத் தூக்கி வந்தேன், நானே கரண்டியைத் தேடினேன். ஆகக் கூடி 18.59. ஒரு காசு நாணயத்தை வைத்துக் கணக்குத் தீர்ப்பதெல்லாம் 2008 ஏப்ரலோடு போய்விட்டது, ஐந்து காசுக்குச் சரிக்கட்டுவார்கள். ஆக 18.60. அந்த ஒரு காசு சட்டப்படி சரிதான், எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை. எதிர்வரிசை வாழையிலைக் கடையில் ரசம் கேட்டால் குவளை நிறைய ஊற்றுவார்கள், குடித்து முடித்தால் மறுபடியும் ஊற்றுவார்கள், அதற்கென்று தனிக் காசு கிடையாது!

போன காணொளியில் "ஈட் மெடிசின்" என்று சொல்லாதீர்கள் என்றேன், மருந்துக்கு "டேக்" என்றேன். உடனே ஒரு தங்கச்சி, சூப்புக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தார். கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் எடுத்தால் "ஈட் சூப்", கோப்பையோடு வாயில் வைத்தால் "டிரிங்க்". நமக்கு ரசமும் கஞ்சியும் எதில் இருந்தாலும் குடிப்பதுதான், அதனால் தடுமாறுகிறோம். சந்தேகம் வந்தால் "ஹாவ் சூப்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கபேக்கு என்றே ஒரு பழமொழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: "த ப்ரூஃப் ஆஃப் த புட்டிங் இஸ் இன் தி ஈட்டிங்". இதில் "ப்ரூஃப்" என்றால் சோதித்துப் பார்ப்பது. அந்தக் காலப் புட்டிங் இனிப்பு அல்ல, குடலுக்குள் இறைச்சியைத் திணித்து வேகவைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வாயில் வைத்தால்தான் தெரியும். இதைச் சுருக்கி "ப்ரூஃப் இஸ் இன் த புட்டிங்" என்கிறார்களே, புட்டிங்குக்குள் என்ன, ஆதாரம் காட்டக் கோர்ட்டுக் கட்டா இருக்கிறது? மிகச் சுலபம் என்பதற்குச் சொல்லும் "பீஸ் ஆஃப் கேக்" எனக்குப் பிடிக்காது, எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது.

கிளம்பும்போது பையனிடம் "மிளகுத்தண்ணி, மிளகுத்தண்ணி" என்று சொல்லிக் காட்டினேன். அவன் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "டீச்சர், அப்படியானால் இது எங்கள் ஆயா வைக்கும் ரசமா?" என்றான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த 18.60இல் பாதி திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

ஐயோ, அப்பளத்தைச் சொல்ல மறந்தேனே! சூப்போடு ஒரே ஒரு அப்பளம் வைத்தார்கள், அதுவும் நமத்துப்போயிருந்தது. இதற்கு "சாகி" என்று எழுதாதீர்கள், அது நனைந்து ஊறிப்போனதற்கு. காற்றுப்பட்டு மொறுமொறுப்புப் போயிருந்தால் "ஸ்டேல்". எழுதிக்கொண்டீர்களா? நான் எதிர்வரிசைக்குச் சாப்பிடப் போகிறேன்.