வெள்ளரிசி ஊரின் மாதா கோவில்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் இறங்கி ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் நடந்தவர்களுக்கு அந்தக் கோபுரம் தெரியும். காய்கறிப் பையோடு போகிறவர்கள்கூட ஒரு கணம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும் தூய மரியன்னை பேராலயம். ஆனால் நான் பேச வந்தது அந்தக் கோபுரத்தைப் பற்றி அல்ல. அது எழுந்தது 1882இல். அதற்கு முன்பே அங்கே ஒரு பங்கு, அதாவது ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த கிறிஸ்தவ மக்களும், இருந்தது.

முதலில் ஊர்ப் பெயர். பழைய ஆட்களுக்கு இது சிவாஜிநகர் அல்ல, பிளாக்பள்ளி. 'பள்ளி' என்றதும் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய கன்னடத்தின் 'ஹள்ளி', அதாவது ஊர், அந்தக் காலத்தில் 'பள்ளி'தான். கன்னடத்தில் பிளி என்றால் வெள்ளை, அக்கி என்றால் அரிசி. வெள்ளரிசி விளைந்த வயல்வெளி, பிளி அக்கி பள்ளி. அது வெள்ளைக்காரர் வாயில் பிளாக்பள்ளி ஆயிற்று என்பது ஊரில் வழங்கும் கதை. வெள்ளை அரிசி ஒரே வாய்ப்பிசகில் கறுப்பாகிவிட்டது, பாருங்கள்! இதைச் சொல்லாமல் நான் எந்தக் கூட்டத்திலும் இறங்கியதில்லை, வானொலிக்காக விட்டுவிடுவேனா?

அந்த வயல்களுக்கு நடுவே 17ஆம் நூற்றாண்டில் செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒரு கூரைக் கோவில் கட்டினார்கள். பெயர் காணிக்கை மாதா. இங்கே ஆங்கிலேயர் தண்டு, அதாவது பட்டாளக் குடியிருப்பு, அமைத்தது 1809இல். ஆக, தண்டுக்கு முந்தியது நம் மாதாவின் கூரை. இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் தமிழர்கள் பட்டாளத்தோடுதான் பெங்களூருக்கு வந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டாளத்தோடும் வந்தார்கள், அதற்கு முன்பும் வந்தார்கள்.

1799இல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதன்பின் மைசூர்ச் சீமையில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் திரட்ட வந்தவர் துபுவா என்ற பிரெஞ்சுக் குருவானவர். நம் ஊர் உடை, மரக்கறிச் சாப்பாடு என்றே வாழ்ந்தவர். அம்மை குத்துவதை ஊர் ஊராகப் பரப்பினார். கையைக் கீறி எதையோ ஏற்றவா என்று ஜனங்கள் மிரண்டிருப்பார்கள். எந்த மொழியில் அவர்களைச் சமாதானம் செய்தாரோ! பிளாக்பள்ளியில் ஒரு சிறு கோவிலை எழுப்பியவரும் அவர்தான்.

இனி என் அம்மாவின் கதை. நான் புகுமுக வகுப்பில் தேறினால் மாதாவுக்கு ஒரு சேலை என்று அவர் நேர்ந்துகொண்டார். அங்கே மாதா ஆறடி உயரம். சேலை உடுத்தி நிற்பாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்த நம் தெருப் பெண்ணைப் போல இருப்பாள். நான் தேறினேன். செயின்ட் ஜோசப் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அம்மா கமர்ஷியல் தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி, மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்ட சேலை ஒன்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தோடு முடிந்ததா? இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், "இன்றைக்கு நம் சேலையா?" என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். நீலம், சிவப்பு, ரோஜா நிறம் என்று வாரங்கள் ஓடின. நான்காம் மாதம் மாம்பழ நிறம் வந்தது. "கரையைப் பாரடா, நம் கரைதான்!" பக்கத்தில் நின்ற அம்மாள் உடனே, "இல்லை அக்கா, அது எங்கள் வீட்டுச் சேலை" என்றார். இருவரும் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடி கரையின் அகலத்தைப் பற்றித் தாழ்ந்த குரலில் வாதாடினார்கள். பிறகு சேர்ந்தே போய்க் காபி குடித்தார்கள். அந்தச் சிநேகம் முப்பது வருடம் நீடித்தது. சேலை யாருடையது என்பது மட்டும் முடிவாகவில்லை.

அம்மாவுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. என் கல்லூரி தொடங்கிய ஆண்டும் 1882தான். அதைத் தொடங்கியவர்கள் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையார். இன்றைய கோவிலைக் கட்டிய கிளைனர் பாதிரியாரும் அதே சபை. ஒரே ஆண்டில், ஒரே சபையின் கையால், மாதாவுக்கு ஒரு கோபுரம், பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி. 1937இல் கல்லூரி இயேசு சபையாரிடம் போயிற்று. அதைத் தனியாகவே பேச வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது கோவிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைக் கழற்றி வைத்து, 1947இல் திரும்பப் பொருத்தினார்கள் என்பதை விரித்துச் சொல்ல எண்ணியிருந்தேன்; இவ்வளவோடு நிற்கட்டும். பேராலயம் என்ற பட்டம் 1970களில் வந்தது. மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29, தேர் செப்டம்பர் 8. அன்று அந்தப் பக்கம் பஸ்ஸை நம்பாதீர்கள், நடந்தே போங்கள். காவி உடுத்து விரதம் இருந்து வருகிறவர்களில் யார் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு விரல் காட்டிவிட்டார்கள். வணக்கம்.