குழந்தைக்குப் பேர் வைக்கும்போது அர்த்தம் பார்க்கணுமா?

அடுத்த கேள்வி இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கமிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். மகள் பிறந்திருக்கிறாள், ரோகிணி நட்சத்திரம். 'ஓ, வ, வி, வு' இதில் ஏதாவது ஒரு எழுத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். மாமியார் சாமி பேர்தான் வேணும் என்கிறார். கணவர் இணையத்தில் ஒரு பேர் பிடித்திருக்கிறார், அதற்கு 'இளவரசி' என்று அர்த்தம் போட்டிருக்கிறதாம். "அண்ணா, அர்த்தம் உண்மையிலேயே முக்கியமா, கூப்பிட நல்லாயிருந்தால் போதாதா?" என்று கேட்கிறார்.

முதலில் வாழ்த்துகள், தங்கச்சி.

அர்த்தம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்ம பாட்டி, தாத்தா காலத்துப் பேர்களைப் பாருங்கள். குப்பம்மா, குப்புசாமி, பிச்சைமுத்து. அர்த்தம் தெரியாமலா வைத்தார்கள்? பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, அந்தப் பேரையே வைப்பார்கள். எமன் இதைச் சீண்டமாட்டான் என்று நம்பிக்கை. அவ்வளவு ஆசையாக வைத்த பேர் அது. வரிசையாகப் பெண்ணே பிறந்த வீட்டில் 'போதும்பொண்ணு' என்று வைத்ததும் உண்டு. அந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கணும். அங்கே அர்த்தம் குத்தும்தான்.

கணவர் பார்த்த பேர் விஷயம். இந்த ஷ, ஹ எல்லாம் கலந்து வரும் புதுப் பேர்களுக்கு ஒரு தளத்தில் 'இளவரசி' இருக்கும், இன்னொன்றில் 'ஒளி' இருக்கும், மூன்றாவதில் 'வெற்றி'. அம்மா பேரில் பாதி, அப்பா பேரில் பாதி எடுத்துச் செய்த பேருக்கும் அர்த்தம் போட்டிருப்பார்கள்! பேர் பிடித்திருந்தால் வையுங்கள், ஆனால் அந்த அர்த்தத்தை நம்பி வைக்காதீர்கள். தமிழ்ச் சொல்லாக இருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே இருக்கிறது, ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

அப்புறம், நாம் இருக்கும் இடத்தில் சிங்களக் காதுக்கு எப்படிக் கேட்கும் என்றும் பாருங்கள். ஹரி என்று பையனுக்கு வைத்தால், பஸ்ஸில் கண்டக்டர் "ஹரி ஹரி" என்று சொல்லும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பான். அவர் 'சரி சரி' என்கிறார், அவ்வளவுதான். அது சும்மா சிரிப்புக்கு, கெட்ட பேரொன்றும் இல்லை.

என்னைக் கேட்டால் அர்த்தத்தைவிட எழுத்துத்தான் பெரிய விஷயம். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களைக் கேளுங்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவேட்டில் முத்தாயி, பிறப்புச் சான்றிதழில் முத்தம்மா, அடையாள அட்டையில் வேறொன்று. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைகிறார்கள். எண் ஜோதிடம் பார்த்து இங்கிலீஷில் ஒரு 'ஏ', ஒரு 'ஹெச்' கூட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். பாடசாலையில் ஒரு விதமாக எழுதி, பாஸ்போட்டில் இன்னொரு விதமாக வந்தால் பிள்ளைதான் அலையணும்.

உங்களுக்கு நான் சொல்வேன், 'வள்ளி' என்று தொடங்கிப் பாருங்கள். 'வ' வந்துவிட்டது, மாமியாருக்குச் சாமி பேர். கதிர்காமத்துக்குப் போகிற சிங்களவர்களுக்கும் வள்ளியம்மாவைத் தெரியும், ஒருவரும் தடுமாற மாட்டார்கள். பழைய பேராக இருக்கிறது என்று கணவர் சொன்னால் வள்ளிநிலா மாதிரி பின்னால் ஒன்று சேர்க்கலாம். ரொம்ப நீட்டவேண்டாம்.

பிறந்து 42 நாளுக்குள் பதியணும், ஞாபகம் இருக்கட்டும். பேரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். பதிவாளர் எழுதியதை எழுத்து எழுத்தாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.