வழக்கை எண்ணினால் போதாது, நிறுத்துப் பார்க்க வேண்டும்

(கொழும்பு வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, சபையோரே, வணக்கம்.

நாட்டின் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் பத்து இலட்சத்துக்கும் மேல். நீதிபதிகள் போதாது என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் எந்த நீதிமன்றத்தில் கூட்டுவது, எந்தக் கணக்கை வைத்துக் கூட்டுவது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் தொழில் செய்கிற ஒரு சட்டத்தரணியாக அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2020 இல் என்ன நடந்தது என்று பாருங்கள். அரசியலமைப்பின் இருபதாவது திருத்தத்தின் மூலம், நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில் நீதியரசர்களின் உச்ச எண்ணிக்கை 11 இலிருந்து 17 ஆனது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 12 இலிருந்து 20 ஆனது. அந்தத் திருத்தத்தின் வேறு பல அம்சங்களைப் பிறகு மாற்றினார்கள், இந்த எண்கள் அப்படியே இருக்கின்றன. அதை நான் குறை சொல்லவில்லை. மேன்முறையீடுகளும் அங்கே மலைபோலக் கிடந்தன. ஆனால் மேலே உட்காரப் போகிறவர்கள் எங்கேயிருந்து வருகிறார்கள்? ஒரு பகுதியினர் சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து வருகிறார்கள். பெரும்பகுதி மேல் நீதிமன்ற நீதிபதிகள். அவர்கள் விட்டுப் போன இடத்துக்கு மாவட்ட நீதிபதி வருவார், அவர் இடத்துக்கு ஒரு நீதவான் வருவார். மேலே ஒரு கதிரை கூடினால் கீழே வரிசையாக மூன்று கதிரைகள் ஆட்டம் காணும்.

அந்தக் கீழ்க் கதிரைகளுக்கு முன்னால்தான் நம்முடைய சனம் நிற்கிறது. சாட்சி சொல்வது அங்கே. சாட்சியின் முகத்தைப் பார்த்து நம்புவதா இல்லையா என்று தீர்மானிப்பதும் அங்கே. பாதி விசாரித்த வழக்கை விட்டு நீதிபதி மாறிப் போனால் என்ன ஆகும்? நீதித்துறைச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. புதிய நீதிபதி ஏற்கெனவே பதிந்த சாட்சியத்தை வைத்துத் தொடரலாம், அல்லது ஆரம்பத்திலிருந்து கேட்கலாம். குற்றவியல் வழக்கென்றால் சாட்சிகளை மறுபடி அழைத்துக் கேட்கும்படி எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கோரலாம். அது எதிரியின் உரிமை, இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பாலியல் வன்முறை வழக்கில் ஒரு பிள்ளை ஒருமுறை கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கும். அதே பிள்ளைக்கு மறுபடி அழைப்பாணை போகும். தாய் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சட்டத்தரணியின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்வது?

காணி வழக்குக்காரர் பாடு வேறு விதம். பாகப்பிரிவினை வழக்கில் பங்காளிகள் எல்லோரும் தரப்பினராக வேண்டும். ஒருவர் காலமானால் அவருடைய வாரிசுகளில் யாரை அவர் இடத்துக்குக் கொண்டுவருவது என்று பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் கனடாவில் இருப்பார், ஒருவருடைய விலாசமே தெரியாது. அது முடிவதற்குள் இன்னொரு பங்காளி போய்விடுவார். தவணைகள் நீள நீள மரணங்கள் கூடும், மரணங்கள் கூடக் கூடத் தவணைகள் நீளும். தகப்பன் போட்ட வழக்கைப் பேரன் நடத்துவதற்குக் காரணம் இதுதான்.

இனி, நீதிபதிகளை எந்தக் கணக்கில் பங்கிடுவது?

வழக்குகளின் தொகையை எடுத்து நீதிபதிகளின் தொகையால் வகுத்தால் போதும் என்று நினைக்கிறோம். புறக்கோட்டை மொத்த வியாபாரி யாராவது மூட்டைகளை எண்ணி விலை பேசுவாரா? தராசில் ஏற்றிப் பார்த்த பிறகுதானே பேசுவார். போக்குவரத்துத் தண்டப் பணம் ஒரு வழக்கு. கொலையும் ஒரு வழக்கு. முன்னது சில நிமிடங்களில் முடியும். பின்னதற்கு நாட்கணக்கில் சாட்சி கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இந்த நிறுவையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. நீதிபதிகள் சில வாரங்களுக்குத் தங்கள் நேரம் எதில் போகிறது என்று குறித்துக் கொடுக்கிறார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வகை வழக்குக்கும் சராசரியாக இத்தனை நிமிடம் என்று எடை போடுகிறார்கள். ஒரு மாவட்டத்துக்கு ஆண்டில் வரும் வழக்குகளை அந்த எடையால் பெருக்கி, ஒரு நீதிபதிக்கு ஆண்டில் கிடைக்கும் வேலை நேரத்தால் வகுத்தால் அங்கே எத்தனை பேர் தேவை என்பது வந்துவிடும். அங்குள்ள நீதித்துறைப் பேரவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கணக்கைச் சட்டசபைக்குக் கொடுக்கிறது. எந்தக் குடிமகனும் அதை எடுத்துப் படிக்கலாம்.

கணக்கு இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் அங்கேயே பார்க்கலாம். 2007 இல் அங்கே 50 புதிய நீதிபதிப் பதவிகளைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். ஆனால் காசு ஒதுக்கவில்லை. 2018 இல் இரண்டு பதவிகளுக்குப் பணம் வந்தது, 2019 இல் 25 க்கு, மீதி 23 க்கு 2022 இல். பதினைந்து வருடம்! இருந்தாலும் இந்தக் குறையை நான் இங்கே உங்களுக்குச் சொல்ல முடிகிறதே, அது அவர்கள் கணக்கை வெளியில் வைத்ததால்தான்.

நம் நாட்டில் அப்படி ஒரு நிறுவை வந்தால் அதில் ஒரு விடயம் கட்டாயம் ஏற வேண்டும். அது மொழி.

அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நாடு முழுவதற்கும் நீதிமன்ற மொழிகள் என்கிறது. அதேவேளை, தமிழ் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளுக்கு வெளியே நீதிமன்றத்தின் மொழி சிங்களம் என்றும் சொல்கிறது. அந்த மொழி விளங்காத தரப்பினருக்கு உரைபெயர்ப்புப் பெற உரிமை உண்டு. தாளில் அழகாகத்தான் இருக்கிறது. புதுக்கடையில் நடப்பதைச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அம்மா கூண்டில் ஏறுகிறார் என்று வையுங்கள். சட்டத்தரணி சிங்களத்தில் கேட்கிறார், "அன்றைக்கு வாசலில் லைட் எரிந்ததா?" உரைபெயர்ப்பாளர் தமிழில் சொல்கிறார். அம்மாவின் பதில்: "லைட் இருந்திச்சி ஐயா, ஆனா எங்கட லைட் இல்ல, முன்வீட்டு லைட். அதையும் அவங்க பத்து மணிக்கு ஓப் பண்ணிருவாங்க." உரைபெயர்ப்பாளர் அதைச் சிங்களமாக்குகிறார். நீதிபதி அதை ஒரு வசனமாக்கித் தட்டெழுத்தாளருக்குச் சொல்கிறார். இதற்குள் முன்வீடு எங்கேயோ கழன்று விழுந்துவிடுகிறது. லைட் எரிந்தது என்று மட்டும் பதிவாகிறது. எதிர்த்தரப்பில் தமிழ் தெரிந்த சட்டத்தரணி இருந்தால் எழும்பித் திருத்துவார், கேள்வி மறுபடி முதலிலிருந்து போகும். இல்லாவிட்டால் அது அப்படியே மேன்முறையீடு வரைக்கும் போகும். அந்த அம்மா அடையாளம் காட்டிய ஆளின் விதியே அந்த லைட்டில் இருக்கலாம். எங்கள் உரைபெயர்ப்பாளர்கள் கெட்டிக்காரர்கள். காலையிலிருந்து நின்றபடி வேலை செய்கிறார்கள். ஒரே ஆள் எத்தனை நீதிமன்றத்துக்கு ஓடுவார்? அவர் வர முடியாத நாளில் வழக்குக்குத் தவணை.

ஆகவே தமிழ்ச் சாட்சி உள்ள வழக்கு கொழும்பில் கூடுதல் நேரம் எடுக்கிறது. வெறும் எண்ணிக்கையில் அது மற்ற வழக்கைப் போல ஒன்றுதான். நிறுத்தால் பாரம் தெரியும். அந்தப் பாரத்துக்கு ஏற்ப இரு மொழியும் தெரிந்த நீதிபதிகளையும் உரைபெயர்ப்பாளர்களையும் கேட்க நமக்கு நியாயம் கிடைக்கும்.

இன்னொரு கூட்டம் விளக்கமறியலில் காத்திருக்கிறது. நம் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் குற்றவாளி என்று தீர்க்கப்படாதவர்கள். நீதிபதிப் பற்றாக்குறையின் விலையை முதலில் கட்டுவது அவர்கள்தான்.

மாவட்ட நீதிபதிகளையும் நீதவான்களையும் நியமிப்பதும் இடம் மாற்றுவதும் நீதிச்சேவை ஆணைக்குழு. அதில் அரசியல்வாதி கை வைக்கக் கூடாது, நாமும் அதைக் கேட்கக் கூடாது. ஆனால் பணம் ஒதுக்குவது பாராளுமன்றம். வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் நீதி அமைச்சின் ஒதுக்கீடு எடுக்கப்படும்போது, நமது பிரதிநிதிகள் ஓர் அட்டவணையைச் சபையில் கேட்க வேண்டும். நீதிமன்றம் வாரியாக எத்தனை வழக்கு, எந்த வகை, எத்தனை நாள் விசாரணை, நீதிபதி மாறியதால் மறுபடி தொடங்கியவை எத்தனை, உரைபெயர்ப்பாளர் இல்லாமல் தவணை போனவை எத்தனை. கேள்வியை எழுதிக் கொடுக்க நாங்கள் சில சட்டத்தரணிகள் தயாராக இருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்போம். தவணை போன வழக்கு உள்ளவர்கள் வழக்கு இலக்கத்தையும் தவணைத் திகதிகளையும் எழுதிக் கொண்டுவந்து தாருங்கள்.

நன்றி, வணக்கம்.