முழங்கால் வலியோடு ஸ்காட்லாந்தில் மலையேறலாமா?

அடுத்த கேள்வி ஓர் அம்மாவிடமிருந்து. "ஜூன் மாதம் கிளாஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். வயது 58, முழங்கால் கொஞ்சம் தகராறு. சின்ன மலையாக ஏறினால் காட்சி ஒன்றும் இருக்காது என்கிறார்களே, உண்மையா?"

இல்லைம்மா. அங்கே 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை மன்ரோ என்பார்கள். 1891-இல் ஹியூ மன்ரோ என்பவர் போட்ட பட்டியல், இன்றைய கணக்கில் 282 மலைகள். அதை முடிக்கவே பலர் வருஷக்கணக்காக அலைகிறார்கள். நானும் கொஞ்ச நாள் அலைந்தவன்தான். 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸில் இரண்டு தடவை ஏறினேன். இரண்டு தடவையும் உச்சியில் நான் பார்த்தது எனக்கு முன்னால் நின்றவரின் முதுகுப்பையை மட்டும்தான். அவ்வளவு மேகம்! அதே நாளில் 400 மீட்டர் குன்றில் நின்றிருந்தால் மேகத்துக்குக் கீழே ஊரே தெரிந்திருக்கும்.

அப்புறம், மலை எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். கூட்டத்துக்கு நடுவில் இருக்கும் மலையில் ஏறினால் பக்கத்து மலைதான் மறைக்கும். ஏரியை ஒட்டி ஓரமாக நிற்கும் குன்று அப்படியில்லை.

உங்களுக்கு நான் சொல்வது கானிக் ஹில். லோமண்ட் ஏரிக்கரையில் பால்மஹா என்ற ஊரிலிருந்து ஏற வேண்டும். உயரம் 360 மீட்டர் சொச்சம். முதலில் காடு, படிகள், மூச்சு வாங்கும். காட்டைத் தாண்டி மேலே போய்த் திரும்பிப் பாருங்கள். ஏரிக்குள் இன்ச்கைலக், டாரின்ச், கிரீன்ச், இன்ச்மரின் என்று நான்கு தீவுகள் நூல் பிடித்த மாதிரி வரிசையாக இருக்கும். நீங்கள் நிற்கும் மலைமுதுகும் அதே கோட்டில்தான் வரும். ஹைலண்ட்ஸ் என்ற வடக்கு மலைநாட்டையும் தாழ்நிலத்தையும் பிரிக்கும் நிலப்பிளவு அது. மேற்கே ஆரன் தீவிலிருந்து கிழக்கே ஸ்டோன்ஹேவன் வரை நாட்டையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. காலடிப் பாறையையும் கவனியுங்கள்: கூழாங்கற்களைப் போட்டுக் கான்கிரீட் கொட்டியது போலிருக்கும். பழைய ஆறுகள் உருட்டிவந்த கற்கள்.

இந்தக் காட்சிக்கு உச்சிவரை போகவே வேண்டியதில்லை, தோள்பகுதியிலேயே கிடைத்துவிடும். கால் வலித்தால் அங்கேயே உட்கார்ந்து கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுங்கள்.

பென் ஆன் என்று இன்னொன்று, 454 மீட்டர். கேட்ரின் ஏரி முழுக்க மேற்கே நீண்டு கிடப்பது தெரியும். 1859-லிருந்து கிளாஸ்கோவுக்குக் குடிநீர் அந்த ஏரியிலிருந்துதான், உங்கள் மகள் வீட்டுக் குழாயிலும் அது வரலாம். கணக்குப் பார்த்தால் பென் ஆன் தனி மலையே இல்லை, பின்னால் இருக்கும் மலையின் நீட்சி. ஆனால் கடைசிப் பகுதி செங்குத்தான கல்படி. முதல் நாள் கானிக்கில் முழங்கால் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே போங்கள்.

முழங்காலுக்குச் சோதனை ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான். இரண்டு ஊன்றுகோல் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண ஷூ வேண்டாம், கானிக்கின் ஈரப் புல்லில் நான் உட்கார்ந்தே பத்தடி சறுக்கியிருக்கிறேன். ஜூனில் இருட்ட இரவு பத்து மணி தாண்டும், அதனால் அவசரமே இல்லை. மிட்ஜ் என்ற பொடிப்பூச்சிதான் தொல்லை. மேலே காற்றடித்தால் வராது. கீழே காட்டுக்குள் நின்று செல்ஃபி எடுத்தால் மொய்த்துவிடும். நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள்.